பரங்கிக்கொடி காய்க்கவில்லை

போன வாரம் பத்துப் பேர் முன்னால் நின்று, "வர்ற சனிக்கிழமை கூடையில பரங்கிக்காய் கட்டாயம் இருக்கும்" என்று நோரா வாக்குக் கொடுத்தாள் அல்லவா? அந்தச் சனிக்கிழமை வந்துவிட்டது. பரங்கிக்காய்தான் வரவில்லை.

வந்தது சுரைக்காய். போன சனிக்கிழமையும் சுரைக்காய், அதற்கு முந்தின சனிக்கிழமையும் சுரைக்காய். கூடவே ஒப்புக்குக் கொஞ்சம் கொத்தவரங்காய், நாலு வெள்ளரிப் பிஞ்சு, ஒரு பிடி கீரை. சாந்தோமில் அந்தத் தோட்டத்தை நம்பி உலை வைக்கிற வீடுகளில் சுரைக்காய்க் கூட்டு, சுரைக்காய்க் குழம்பு, சுரைக்காய் அடை எல்லாம் ஆகிவிட்டது. இனிமேல் அதைப் பாயசம் வைப்பதுதான் பாக்கி என்று நோராவின் கணவன் ராஜநாயகம் சொல்லியிருந்தான். அவன் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

நடுவில் வந்து சேர்ந்த வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. யுத்தம் வந்து காய்கறி விலை கைக்கு எட்டாமல் போனபோது நோராவுக்கு ஒரு யோசனை தோன்றியது. கோயிலைச் சுற்றியிருக்கிற குடும்பங்கள் பருவம் தொடங்குமுன்பே கொஞ்சம் கொஞ்சம் போட்டு, அடையாற்றுப் பாலத்துக்குத் தெற்கே அன்வரி பேகத்தின் நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பது. வாரம் ஒரு காலை வீட்டுக்கு ஒருவர் போய்த் தண்ணீர் ஊற்றிக் களை பிடுங்குவது. விளைவதைச் சனிக்கிழமைதோறும் கூடை கூடையாகச் சமமாகப் பிரித்துக்கொள்வது. விளைந்தாலும் எல்லாருக்கும், பொய்த்தாலும் எல்லாருக்கும் என்பதுதான் பேச்சு. அந்தப் பேச்சுக்கு எல்லாரும் தலையாட்டியது தை மாதத்தில். வைகாசி வெயிலில் அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

பயிர் வைத்தவன் நோராவின் கொழுந்தன் மர்சலின். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது அவன் வேலை பார்த்த கம்பெனியும் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்குப் போயிற்று. அவன் போகவில்லை. அதிலிருந்து வேலை இல்லை. பேனா பிடித்த கையால் மண்வெட்டி பிடித்து, பார்த்தும் கேட்டும் பயிர்த்தொழில் கற்றுக்கொண்டான். இப்போது தோட்டத்தை விட்டால் அவனுக்கு வேறு ஒன்றும் கிடையாது.

அந்த மர்சலினைத்தான் திருடன் என்கிறார்கள். பரங்கிக்காயையெல்லாம் பட்டாளத்துச் சமையல் கான்ட்ராக்டருக்கு அவன் வெளியே தள்ளிவிடுகிறான் என்று ஒரு பேச்சு கிளம்பி, வீட்டுக்கு வீடு வளர்ந்துகொண்டிருந்தது. இன்று சாயங்காலம் கூடை வாங்குகிற குடும்பங்கள் எல்லாம் நோராவின் வீட்டு முற்றத்தில் கூடி, தோட்டம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு கட்டப் போகின்றன. வேண்டாம் என்றால் அன்வரி பேகம் நிலத்தைக் கொட்டிவாக்கத்துச் சவுக்கு வியாபாரிக்குக் கொடுத்துவிடுவாள். விறகுக்கு ஊரே பறக்கிற காலம். அவளைக் குறை சொல்லவும் முடியாது.

காலையில் கட்டைவண்டியோடு தோட்டத்துக்குப் போன நோரா, கூடைகளை இறக்குமுன்பே நேராகப் பரங்கிக்கொடியிடம் போனாள். குனிந்து, ஒவ்வொரு இலையாகத் தூக்கிப் பார்த்தாள். கொடி பச்சைப்பசேலென்று பாதி நிலத்துக்குப் படர்ந்திருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பூக்கள் விரிந்திருந்தன. காய் என்று பெயருக்குக்கூட ஒன்றில்லை. மாதப் பிறப்பில் இதே கொடியில் மஞ்சள் மஞ்சளாகப் பூ நிறைந்திருந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதை நம்பித்தான் வாக்குக் கொடுத்தாள்.

மர்சலின் கிணற்றடியில் சுரைக்காய்களை அடுக்கிக்கொண்டிருந்தான். பூ நிற்கவில்லை அண்ணி, சாயங்காலம் பார்த்தா மொட்டா இருக்குது, விடிஞ்சா காணோம் என்று அவனாகவே சொன்னான். இதை அவன் மூன்றாவது வாரமாகச் சொல்கிறான். நோராவுக்கு அலுத்துவிட்டது.

"மர்சலின், ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காதே."

"கோவம் வர்ற மாதிரிதான் கேக்கப் போறீங்க. கேளுங்க."

"பட்டாளத்து லாரி இங்க வந்துட்டுப் போகுதாமே."

"ஒரு தடவை வந்துது. இஞ்சினுக்குத் தண்ணி கேட்டான். குடுத்தேன்."

"தண்ணி மட்டும்தானா?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஊரில் யார் கேட்டிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பான். நோரா கேட்டதால் அவனுக்குச் சண்டை போடக்கூடத் தெரியவில்லை.

"ஆமா அண்ணி, தண்ணி மட்டும்தான். பரங்கிக்காய் நான் யாருக்கும் விக்கல."

கூடைகளைத் தூக்கி வண்டியில் வைத்தான், கயிறு போட்டுக் கட்டினான், மாட்டைத் தட்டிக் கொடுத்தான். நோரா வண்டிக்குப் பின்னால் நடந்தாள். அவன் சொன்னதை அவளால் நம்பவும் முடியவில்லை, கேட்டதை வாபஸ் வாங்கவும் முடியவில்லை. அவன்மேல் எரிச்சல், சுரைக்காய்மேல் எரிச்சல், தோட்டம் என்று ஒன்றை ஆரம்பித்த தன்மேல் எல்லாவற்றையும்விட எரிச்சல்.

வண்டியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கொஞ்ச நேரம் மனசு அடங்கட்டும் என்று அவள் கோயிலுக்குள் நுழைந்தாள். அது மே மாதம், தேவமாதாவின் வணக்கமாதம். மாதாவின் பீடத்துக்கு வீட்டுக்கு வீடு பூக் கொண்டுவந்து வைப்பார்கள். நோரா எப்போதும் மாலை ஜெபமாலைக்குத்தான் வருகிறவள். காலைப் பூசை முடிந்த வேளையில் பீடத்தை அவள் அந்த மாதம் பார்த்ததே இல்லை.

பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மாதாவின் பாதத்தடியில், ரோஜாவுக்கும் அரளிக்கும் முன்னால், ஒரு தட்டு நிறையப் பரங்கிப்பூ இருந்தது. அப்போதுதான் பறித்தது போல ஈரத்தோடு அகல விரிந்திருந்தது. ஒவ்வொரு பூவுக்கும் அடியில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு பிஞ்சு. சாயங்காலத்துக்குள் இவை சுருங்கி, மற்றப் பூக்களுக்கு அடியில் போய்விடும். நோராவின் கண்ணில் எப்படிப் படும்?

தட்டுக்கு எதிரில் முழங்காலில் இருந்தவள் அல்போன்சா. நோராவின் நாத்தனார், ராஜநாயகத்துக்கும் மர்சலினுக்கும் அக்கா, அடுத்த வீட்டில் தனியாக இருக்கிறவள். கணவன் இல்லை. ஒரே மகன் ஹென்றி மலேயாவுக்கு ரப்பர் தோட்டத்துக் கிளார்க்காகப் போனான். சிங்கப்பூர் விழுந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. ஒரு தகவல் இல்லை. தோட்டத்தில் தண்ணீர் ஊற்ற வாரம் ஒரு நாள் போதும் என்று சொன்னாலும் கேட்காமல், மற்றவர்கள் முறையையும் தானே வாங்கிக்கொண்டு இருட்டோடு இருட்டாகப் போய்வருகிறவள். அவளைப் போல உழைக்க ஆளில்லை என்று எல்லாரும் மெச்சினார்கள். நோராவும்தான் மெச்சினாள்.

கோயிலைவிட்டு வெளியே வந்ததும் நோரா மெதுவாகக் கேட்டாள். மறைக்க வேண்டியதாக அல்போன்சாவுக்குத் தோன்றவே இல்லை. அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"மாசம் முழுக்க நம்ம மண்ணுல பூத்ததையே வைக்கிறேன்னு நேர்ந்துக்கிட்டேன் நோரா. மத்தியானத்துக்குள்ள வாடி விழற பூதானே, யாருக்கு நஷ்டம்?"

"அக்கா, அதுல பிஞ்சு இருக்கே."

"அதுதான் விசேஷம். வெறும் பூவை யார் வேணா வைப்பாங்க. முதல் காய் மாதாவுக்குன்னு நம்ம வீட்ல உண்டே. ஹென்றி எனக்குத் தலைச்சன் பிள்ளை. அதனால பிஞ்சோட இருக்கறதாப் பாத்துப் பாத்துப் பறிக்கிறேன்."

பறித்தது பிஞ்சு அல்ல, பரங்கிக்காயேதான் என்று நோரா சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் அல்போன்சாவின் காதில் அது எப்படி விழும்? தலைச்சன் பிள்ளை வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டே, காயாக வேண்டிய ஒவ்வொரு பிஞ்சையும் தன் கையாலேயே கிள்ளி எறிந்துகொண்டிருந்தேன் என்றுதான் விழும். பெற்றவள் அதைத் தாங்கமாட்டாள். நோரா வெயில் ஏறுகிறது என்று ஏதோ சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டில் ராஜநாயகத்திடம் விஷயத்தைக் கொட்டினாள். அவன் பள்ளிக்கூட வாத்தியார். எதையும் பொறுமையாக விளக்கினால் புரிந்துவிடும் என்கிற கட்சி. இதில் என்ன சிரமம், அக்காவிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னால் ஆயிற்று என்றான். அப்படியானால் நீங்களே சொல்லுங்கள், உங்கள் அக்காதானே என்றாள் நோரா. அவன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். பிறகு பத்திரிகையைப் பிரித்துக்கொண்டு, பர்மா எல்லையில் சண்டை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தான். அன்றைக்கு அந்தப் பத்திரிகையை நோரா கிழித்துப் போடாதது அவளுடைய நல்ல குணம்.

கூட்டத்துக்கு முன்னால் மர்சலினையாவது தனியாகப் பிடித்துச் சொல்லிவிட வேண்டும், காலையில் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். அவன் வரவில்லை. மற்றவர்கள்தான் வந்தார்கள்.

உபதேசியார் பவுல்சாமி நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு நீண்ட ஜெபத்தோடு கூட்டத்தை ஆரம்பித்தார். ஜெபம் முடிந்த மறுகணமே குறைகள் ஆரம்பித்தன. மயிலாப்பூரில் தெருவுக்குத் தெரு வண்டியில் பரங்கிக்காய் போகிறது, நமக்கு மட்டும் ஏன் இல்லை என்றார் ஒருவர். புடலங்காயைக் கண்ணால் பார்த்து மாசமாகிறது என்றாள் ஒரு அம்மாள். லாரியைப் பார்த்ததாகச் சொன்னவரைப் பார்த்தவர் ஒருவர் எழுந்து அதையே சத்தியம் போலச் சொன்னார். பூ நிற்கவில்லை என்று மர்சலின் சொல்வதாக நோரா எடுத்துச் சொன்னபோது சிலர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பின் நடுவில்தான் மர்சலின் வந்தான். காலில் சேறு காயவில்லை. யாரையும் பார்க்காமல் கிணற்றுச் சுவரோரமாக நின்றுகொண்டான். நோரா கண்ணால் ஏதோ சொல்லப் பார்த்தாள். அவன் அவள் பக்கமே திரும்பவில்லை.

தம்பியைப் பார்த்துச் சிரிப்பதை அல்போன்சாவால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றாள். என் தம்பி திருடன் இல்லை, இங்கே இருக்கிறவர்களில் தினமும் தோட்டத்துக்குப் போகிறவள் நான் ஒருத்திதான், என்னைக் கேளுங்கள் என்றாள்.

"கொடி நல்லாத்தான் இருக்கு. நம்பாட்டி என்கூட வந்து பாருங்க. பிஞ்சு பிஞ்சா விட்டிருக்கு. நானே தினமும் ஒரு தட்டு பறிச்சு மாதாவுக்கு வைக்கிறேன். அவன் கையில வளர்ற கொடியைப் போய்க் குத்தம் சொல்றீங்களே."

கூட்டம் சற்று அடங்கியது. அல்போன்சா தம்பியைக் காப்பாற்றிவிட்ட நிறைவோடு நின்றாள். பவுல்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ சொல்றதுதாம்மா எனக்கும் சந்தேகம். அவ்வளவு பிஞ்சு விட்டுதுன்னா, காய் எங்கே போச்சு?"

நோரா மர்சலினைப் பார்த்தாள். அவன் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் இருக்குது, விடிஞ்சா காணோம் என்று மூன்று வாரமாக அவன் சொல்லிக்கொண்டிருந்த சங்கதிக்கு விடை அவன் முகத்தில் தெரிந்தது. தான் குற்றமற்றவன் என்று ஊருக்குக் காட்ட அவனுக்கு இப்போது ஒரு வாக்கியம் போதும்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "அதெப்படி, பிஞ்சைப் பறிச்சுட்டா..." என்று யோசித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"நான்தான் வித்தேன்" என்றான் மர்சலின்.

எல்லாரும் திரும்பினார்கள். அந்தப் பெண் தன் யோசனையை மறந்துவிட்டாள்.

"பட்டாளத்து ஆளுக்குத்தான் வித்தேன். நீங்க சொன்னதெல்லாம் நிஜம்தான். அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது."

நோரா எழுந்துவிட்டாள். இல்லை, அவன் பொய் சொல்கிறான் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அடுத்த கேள்வி, அப்படியானால் யார் என்பது. அதற்குப் பதில் அவளுக்கு மூன்றடி தூரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. நோரா உட்கார்ந்துவிட்டாள்.

அல்போன்சா தம்பியிடம் போனாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் அடிக்கவில்லை.

"ஹென்றிக்காக நான் நேர்ந்துக்கிட்ட கொடிடா அது" என்றாள். "அதுலயா கை வெச்சே?"

அவன் தலை குனிந்து நின்றான். ராஜநாயகம் எழுந்து உள்ளே போய்விட்டான். கூடப் பிறந்தவன் திருட்டை ஒப்புக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க அவனால் முடியவில்லை. அவனுக்கு உண்மை தெரியும் என்பதும், அதைச் சொல்ல வாய் வரவில்லை என்பதும் நோராவுக்குத்தான் தெரியும்.

குற்றவாளி கிடைத்துவிட்டால் கூட்டத்துக்கு இரக்கம் வருவது வழக்கம். பவுல்சாமி முடிவு சொன்னார். மர்சலின் இனித் தோட்டத்தில் கால் வைக்கக் கூடாது. பொறுப்பு முழுக்க நோராவினுடையது. அன்வரி பேகத்திடம் கொஞ்சம் தவணை கேட்பது. ஜூன் கடைசியில் வருகிற இராயப்பர் திருநாளுக்குள் கூடைக்கு ஒரு பரங்கிக்காய் வந்து சேர்ந்தால், விற்கிற கை போய்விட்டது என்று நம்பி எல்லாரும் தொடர்வார்கள். வராவிட்டால் நிலம் சவுக்குக்குப் போகட்டும். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டபடியே அவரவர் சுரைக்காயைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

பக்கவாட்டுச் சந்தில் நோரா மர்சலினை மடக்கினாள். எதற்காக இப்படி ஒரு பொய், உன்னை யார் கேட்டது என்றாள். எனக்குக் காலையிலேயே தெரியும், எப்படியாவது சமாளித்திருப்பேன் என்றாள். எப்படிச் சமாளித்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

"காலைல இல்லேன்னு சொன்னேன். நீங்ககூட நம்பல. இப்ப ஆமான்னு சொன்னேன். ஒருத்தர்கூட சந்தேகப்படல, பாத்தீங்களா?"

அவன் சிரிக்க முயன்றான். மன்னிப்புக் கேட்க வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் இதன் முன்னால் எதற்கும் உதவாதவையாகப் போய்விட்டன.

"அக்காகிட்ட நான் உண்மையைச் சொல்லிடறேன் மர்சலின்."

"சொன்னா அப்பறம் மாதா முன்னால போய் முட்டி போட அவங்களுக்குத் தெம்பு இருக்குமா அண்ணி? அவங்களுக்கு இருக்கறது அது ஒண்ணுதான். ஹென்றி வரட்டும். வந்தப்பறம் சொல்லிச் சிரிச்சுக்கலாம்."

ஹென்றி வராவிட்டால் என்று நோரா கேட்கவில்லை. அவனும் அதற்கு இடம் கொடுக்காமல் நடந்தான். தோட்டத்துப் பக்கம் போகக் கூடாது. இந்த வீட்டுக்குள்ளும் வர முகமில்லை. அவன் கடற்கரைப் பக்கம் திரும்பினான். எங்கே போகிறாய் என்று கேட்டதற்குத் திரும்பிப் பார்க்கவில்லை.

நோரா முற்றத்துக்கு வந்து, சிதறிக் கிடந்த கீரைத் தண்டுகளைப் பொறுக்கினாள். மனசு கணக்குப் போட்டது. பரங்கிப் பிஞ்சு முற்றிக் காயாக ஒரு மாதமாவது வேண்டும். இராயப்பர் திருநாளுக்குள் கூடையில் காய் விழ வேண்டுமானால், இந்த வாரம் பிடிக்கிற பிஞ்சுதான் நிற்க வேண்டும். நாளை பூக்கிற பூ, நாளை மறுநாள் பூக்கிற பூ. அதை விட்டால் அவ்வளவுதான், தோட்டமும் இல்லை, மர்சலின் திரும்பி வருவதற்கு ஒரு இடமும் இல்லை. நாளையிலிருந்து ஒரு பூவைக்கூட யாரும் தொடக்கூடாது. எப்படியாவது அல்போன்சாவைத் தடுக்க வேண்டும். உண்மையைச் சொல்லாமல் தடுக்க ஒரு வழி வேண்டும். தண்ணீர் ஊற்றும் முறையை மாற்றிவிட்டால்? கொடியில் பூச்சி மருந்து அடித்திருக்கிறது என்று சொன்னால்?

சுவருக்கு அந்தப்பக்கம் வெகுநேரம் அழுகைச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. அல்போன்சா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, நோராவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் இரண்டு கூடைகள் வைத்திருந்தாள்.

"தட்டு போதாது நோரா, இனிமே கூடை எடுத்துட்டுப் போறேன். ஹென்றிக்கு ஒண்ணு. இந்தப் பாவி பண்ணினதுக்குப் பரிகாரமா இன்னொண்ணு. மாசம் முடியற வரைக்கும் கொடியில ஒரு பூ மீதி வைக்க மாட்டேன். மாதா மன்னிச்சு அவனையும் திருத்துவா."

நோரா கீரைத்தண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"எனக்கு உடம்பு தள்ளல, தனியாப் பறிக்க முடியாது. விடியறதுக்கு முன்னாடி என்னை எழுப்பு. நீயும் வந்து கூடப் பறி. உனக்கும் கொழுந்தன்தானே."

அவள் ஒரு கூடையை நோராவின் மடியில் வைத்தாள். அழுது வீங்கிய கண்களோடு பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"சரிக்கா" என்றாள் நோரா.